தவறணையில் வயது பார்ப்பது எப்படி

தம்பிமாரே, உங்கள் கடைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. கண்ணாடி அலுமாரி, குளிர்பெட்டி, தலைக்கு மேல் மின்விசிறி. சுவரில் பெரிய எழுத்தில், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்ற பலகை. சந்தேகம் வந்தால் "அடையாள அட்டையக் காட்டு" என்கிறீர்கள். ஆள் காட்டுவான், இல்லாவிட்டால் நழுவுவான், உங்கள் வேலை முடிந்தது. நான் சாராயம் ஊற்றத் தொடங்கிய காலத்தில் அடையாள அட்டை என்ற சாமானே நாட்டுக்கு வந்திருக்கவில்லை. வருகிறவன் மீசையைப் பார்த்து, முழங்கையைப் பார்த்து, அவன் குரலைக் கேட்டு நாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். அளப்பதும் ஊற்றுவதும் ஒரு வாரத்தில் பழகிவிடும், அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வயது விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பதினெட்டா இருபத்தொன்றா என்று இந்த நாட்டில் பேசிய பேச்சு நேற்று முந்தாநாள் வந்ததல்ல. எங்கள் பக்கத்தில் அந்தப் பஞ்சாயத்து அறுபதுகளின் கடைசியிலேயே ஒரு தடவை நடந்து, அதற்குள் நானும் தலையைக் கொடுத்து, நன்றாகக் குட்டு வாங்கியிருக்கிறேன்.

தெமோதரையிலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில் ஒரு சந்தி. சந்தியில் ஏழெட்டுக் கடை. கடைசியில் இருந்த சாராயக் கடைதான் எங்கள் தவறணை. சுற்றிவர எங்கே பார்த்தாலும் தேயிலை மலை, மலைக்கு மலை தொழிலாளர் குடியிருக்கும் லயம். தவறணையைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளிக்குப் பதுளை நகரத்தில் துணிக்கடை இருந்தது. பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து வேரூன்றிய குடும்பம். நெற்றியில் விபூதி இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார், சாராயத்தை விரலால்கூடத் தொட்டதில்லை. ஆனால் யார் எவ்வளவு குடிப்பான் என்பது அவருக்குத்தான் அத்துபடி. நான் தோட்டத்திலே பிறந்தவன் என்பதால், "ஒனக்கு நம்ம சனத்த தெரியும்டா வேலு" என்று சொல்லித்தான் என்னைக் கவுண்டரில் நிறுத்தினார்.

சேர்ந்த புதிதிலேயே என் தோட்ட அறிவு சந்தி சிரித்தது. ஒரு சம்பள நாள். தவறணைக்குள் எள் போட்டால் எள் விழாது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அரும்பு மீசை, தோளில் துண்டு, வயது இருக்கிறது என்று நான் ஊற்றிக் கொடுத்தேன். அவன் பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர் தற்செயலாகத் திரும்பினார். இவன் அவரைப் பார்த்தான். அவர் இவனைப் பார்த்தார். அப்பனும் மகனும்! இரண்டு கிளாஸும் பலகையில் அப்படியே இருந்தன. அப்பன் முன்வாசலால் போய்விட்டார். மகன் ஜன்னலால் குதித்தான். ஜன்னலுக்குக் கீழே பள்ளம் என்பதை அவன் குதித்த பிறகுதான் நினைத்திருப்பான் போலிருக்கிறது.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவி! அப்பனையும் மகனையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தியா ஊத்துவ? இனி ரெண்டு பேர்ல ஒருத்தனாவது இந்தப் பக்கம் எட்டிப் பாப்பானா?"

பார்க்கவில்லைதான். அப்பன் ஒரு பஸ்ஸிலும் மகன் அடுத்த பஸ்ஸிலுமாகப் பதுளைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தோட்டத்துப் பழக்கம் அது. மகன் குடிக்கிறான் என்பது அப்பனுக்குத் தெரியும். அப்பனுக்குத் தெரியும் என்பது மகனுக்கும் தெரியும். ஆனால் நேருக்கு நேர் கண்டுவிடக் கூடாது, கண்டால் இருவருக்கும் மானம் போய்விடும். அப்பன் மட்டுமில்லை, பெரியப்பன், தாய்மாமன், மாமனார் என்று முறை நீண்டுகொண்டே போகும். அந்தச் சம்பள நாளுக்குப் பிறகு நான் சமையல்கட்டுப் பக்கம் இருந்த பின்கதவைத் திறந்து வைத்தேன். வாசலில் யாருடைய அப்பனாவது தலை காட்டினால், கையிலிருக்கும் அளவுக் குவளையால் பலகையில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டுவேன். அவ்வளவுதான், இளவட்டங்கள் கிளாஸைக் கவிழ்த்துவிட்டுப் பின்கதவால் மாயமாகிவிடும். அப்பன்மார் நிதானமாக உள்ளே வந்து, ஈரம் காயாத கிளாஸ்களைப் பார்த்தும் பாராததுபோல உட்காருவார்கள். யார் வீட்டு மகன் எத்தனை மணிக்கு வருவான், யார் வீட்டு மாமனார் எந்தப் பாதையால் வருவார் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு அதிலே கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விவாதம் வந்தது. பதுளைப் பக்கத்து மதுவிலக்குக்காரர்கள் சிலர் மேலிடத்துக்கு மனு மேல் மனுவாக அனுப்பியிருந்தார்கள். எங்கள் தவறணைச் சுவரில் அப்போது பதினெட்டு என்று போட்டிருந்தது. அதை இருபத்தொன்றாக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நாலு பக்கத்து அபிப்பிராயத்தையும் கேட்போம் என்று அதிகாரிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பொதுமக்கள் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

நோட்டீஸைப் படித்த முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட பயல்கள்தான் சம்பள நாளில் எங்களுக்குப் பெரிய கூட்டம். எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை துணியெடுத்துத் தைத்துக் கொடுத்து, "நீ எந்திரிச்சு நம்ம கவுண்டர்ல உள்ள கட்டுப்பாட்டச் சொல்லு. சட்டம் எதுக்கு, நாங்களே பாத்துக்கிறோம்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் மூன்று பேர், பக்கத்தில் தமிழிலிருந்து சிங்களத்துக்குச் சொல்ல ஒருவர். முதலில் மதுவிலக்குப் பெரியவர் எழுந்தார். இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டு வந்தவர், பேசப் பேச உணர்ச்சிவசப்பட்டு முப்பது என்றார். அடுத்து தோட்டத்துத் துரை. திங்கட்கிழமை ஆள் வரவில்லை, தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன் கை நடுங்குகிறது, வயதை எவ்வளவு ஏற்றினாலும் தனக்குச் சம்மதம் என்றார். உடனே தொழிற்சங்கத் தம்பி துள்ளி எழுந்தார்.

"தொரை அவர்களே, பதினெட்டு வயசுப் பையனுக்குப் பெரிய ஆளுன்னு பேரப் போட்டு வேல வாங்குறீங்க. மலையில அவன் ஆம்பள, சந்தியில மட்டும் கொழந்தையா?"

மண்டபம் கை தட்டியது. அந்தக் கை தட்டல் அடங்குவதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் கையைத் தூக்கினார். எங்கள் பழைய வாடிக்கை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லவா? எளந்தாரிப் புள்ளைங்க குடிச்சிட்டு ஓடிப் போயிருதுங்க. சாக்கடைக் கானுக்குள்ள விழுந்து கெடக்கிறது பூராவும் நாப்பதுக்கு மேலதான். கீழ வயசு வைக்காதீங்க, மேல வயசு வைங்க. அம்பதோட நிப்பாட்டிப்புடுங்க."

"நீங்க என்ன வயசு?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்கு நாப்பத்தொம்போதுங்க" என்றார் அந்த எழுபது வயதுக் கிழவர்.

இப்படி மண்டபம் களை கட்டியிருந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அப்பன் மகன் கதையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், பின்கதவைச் சொன்னேன். மேசையில் இரண்டு தட்டுத் தட்டியும் காட்டினேன். மண்டபத்தில் இரண்டு மூன்று பயல்கள் பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் ஒரு தடவை சிரித்தார்கள், மொழிபெயர்ப்பாளர் சொன்ன பிறகு அதிகாரிகள் இன்னொரு தடவை சிரித்தார்கள். ஒரே பேச்சுக்கு இரண்டு சிரிப்பு வாங்கினால் மனுசனுக்குத் தலைக்கேறாதா? கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"ஐயா, எங்க தோட்டத்துல வயசுக்குச் சட்டம் தேவையில்லீங்க. அப்பன் மொகந்தான் சட்டம். அது இருக்கிற வரைக்கும் எந்தப் பையனும் அளவு மீற மாட்டான்."

முதலாளி முகம் மலர்ந்துபோயிருந்தது. அதிகாரி குறிப்பு எழுதினார். நான் உட்காரப் போனேன்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சுவரோரம் தோட்டத்துப் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். நோட்டீஸில் பொதுமக்கள் என்று போட்டிருந்தது. ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை, நாமும் பொதுமக்களில் சேர்த்தியா என்று அவர்களுக்கே சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். பெயர் ராக்கம்மா. கொழுந்து எடுக்கிறவள். அவள் புருஷன் சுப்பையா அதற்கு முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தான். ஒரே மகன் மருதை கவ்வாத்து வெட்டுகிறவன், பத்தொன்பது வயது. அப்பன் போன பிறகு எங்கள் தவறணைக்கு வரத் தொடங்கி, மற்றப் பயல்களைவிட இரண்டு மடங்கு குடித்துக்கொண்டிருந்தான்.

"கும்புடுறேனுங்க" என்றாள் அதிகாரிகளைப் பார்த்து. "இந்தத் தம்பி சொன்னது நெசந்தாங்க. அவரு தட்டுவாரு, புள்ளைங்க ஓடும். எல்லாப் புள்ளையும் ஓடும், எம்புள்ள ஓட மாட்டான். அவனுக்கு அப்பன் இல்லீங்க. சொந்தப் பெரியப்பன், மாமன் எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்க. அவன் யாரக் கண்டுங்க ஒளிவான்?"

மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொல்லி முடித்தார். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அதிகாரி கேட்டார்.

"இருவத்தொண்ணுன்னு வைங்கய்யா. எனக்கு ரெண்டு வருசம் கெடைக்கும். அதுக்குள்ள ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வச்சு, அவனுக்கு ஒரு மாமனாரச் சம்பாரிச்சிருவேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கய்யா. திங்கக்கெழமன்னா அவன் பெரட்டுக்கு எந்திரிக்க மாட்டேங்கிறான். காலையில பேரு கூப்புடுற எடத்துல ஆள் இல்லேன்னா எத்தன நாளைக்குப் பொறுப்பாங்க? இன்னும் ஒரு திங்கக்கெழம வரலேன்னா பேர வெட்டிருவேன்னு தொர சொல்லிட்டாரு. பேர வெட்டுன பயல வேற எந்தத் தோட்டத்துல சேப்பாங்க? அவன் நல்ல புள்ளைங்க. அப்பன் செத்ததுக்கப்புறந்தான் இப்புடி." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க தம்பி. எம்புள்ளைக்கு யாரு வந்தாத் தட்டுவீங்க?"

தம்பிமாரே, கவுண்டரில் நின்ற காலத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், ஒருவன் கிளாஸால்கூட எறிந்திருக்கிறான். அதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு மட்டும் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகினேன்.

திரும்பி வரும்போது முதலாளி, "நீ நல்லாத்தான் பேசுன. அந்தப் பொம்பள குறுக்க வந்து கெடுத்துருச்சு. பரவாயில்ல, அழுகிறவங்களுக்காகச் சட்டம் போட முடியுமா?" என்றார். அவள் அழவில்லை முதலாளி என்று சொல்ல நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரிகள் தேநீர் குடித்தார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள், ஜீப்பில் ஏறிப் போனார்கள். சுவரில் பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது. ஒரு நாள் சந்தைக்கு வந்த ராக்கம்மா என்னைக் கண்டு நின்றாள்.

"என்னாச்சு தம்பி அந்த விசயம்?"

"மேல அனுப்பியிருக்காங்களாம் அக்கா."

"மேலன்னா?"

"கொழும்புக்கு."

"கொழும்பு கீழல்ல இருக்கு?" என்றாள். "கீழ உருட்டி விட்டது என்னைக்கு மேல ஏறி வர்றது!" முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. மருதை வந்தபோது, "டேய், அம்மா பாவம்டா, ஒரு கிளாஸோட நிப்பாட்டு" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சுவரைக் காட்டினான். "எனக்கு வயசாச்சுண்ணே. போர்டுல அப்படித்தான போட்டிருக்கு? நீங்கதான கூட்டத்துல சட்டம் வேணாம்னு சொன்னீங்க?" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அது இன்னும் சுட்டது.

அடுத்த சம்பள நாள் வந்தது. சனிக்கிழமை மத்தியானம். தவறணைக்குள் வழக்கம்போல இடி தள்ளு. முதலாளி சம்பள நாட்களில் பதுளையிலிருந்து வந்து கல்லாவில் உட்காருவார், அன்றும் உட்கார்ந்திருந்தார். மருதை இன்னும் வரவில்லை. நான் குனிந்து பீப்பாயிலிருந்து பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன், வாசலில் ராக்கம்மா நிற்கிறாள். இடுப்பில் கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குத் துணி இல்லை. கோயிலுக்குப் போகிறவள்போல நல்ல சேலை உடுத்தி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, கையில் குடை.

என் கை என்னைக் கேட்காமலே பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது.

பயல்கள் பின்கதவால் பறந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பெரியவர்களும் எழுந்துவிட்டார்கள்! லயத்து வழக்கில் ஒருவருக்கு அவள் தங்கச்சி முறை, இன்னொருவருக்கு மதினி முறை, மூன்றாமவர் தன் மகளை மருதைக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். கூட்டத்தில் முதலில் ஓடியவரே அவர்தான். மண்டபத்தில் நாப்பத்தொம்போது என்று சொன்ன கிழவர்கூட, "அடியாத்தி, இது நம்ம லயத்துப் புள்ள" என்று சொல்லிக்கொண்டே மேசைக்குக் கீழே குனிந்து, நாலு காலில் ஊர்ந்து வெளியேறினார். கண்மூடித் திறப்பதற்குள் தவறணையில் மிஞ்சியது நானும் முதலாளியும் பீப்பாயும்தான்.

ராக்கம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து குடையைப் பக்கத்தில் வைத்தாள்.

முதலாளிக்கு மூச்சு வந்தது. "என்னம்மா இது? பொம்பளைங்க வந்து ஒக்கார்ற எடமா இது?"

"ஏன் முதலாளி, எனக்கு வயசு பத்தாதா?"

அவர் சுவரிலிருந்த போர்டைப் பார்த்தார்.

"போர்டுல பொம்பளைக்கு இல்லேன்னு போட்டிருக்கா? எனக்குப் படிக்கத் தெரியாது. தம்பி, நீங்க படிச்சுச் சொல்லுங்க."

நான் பலகையைச் சத்தமாகப் படித்தேன். எங்கள் பலகையில் வயதைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்பச் சரி. எனக்குப் பதினெட்டு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஒரு சோடா குடுங்க" என்றாள்.

சோடாவைக் கொடுத்தேன். அவள் அதை அவசரமே இல்லாமல் குடித்தாள். வெளியே பலாமரத்துக்குக் கீழே என் வாடிக்கையாளர் எல்லோரும், அப்பனும் மகனும் கலந்துபோய், யாரும் யாரையும் பார்க்காத பாவனையில் நின்றிருந்தார்கள். மழை தூறத் தொடங்கியது. ஒருவனும் உள்ளே வரத் துணியவில்லை. முதலாளி கல்லாவுக்கும் வாசலுக்கும் நடந்தார்.

"அனுப்புடா அவள" என்று என் காதில் கடித்தார்.

"எப்புடி முதலாளி அனுப்புறது? காசு குடுத்துக் குடிக்கிறாங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் மருதை வந்தான். வெளியே நின்றவர்கள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், அவரவர் மானமே காற்றில் பறந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு காலை வைத்தவன் அம்மாவைக் கண்டு நின்றுவிட்டான். அம்மாவும் அவனைப் பார்த்தாள். சோடாப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. முகம் இறுகிப்போய் நேராகக் கவுண்டருக்கு வந்து கையை ஊன்றினான்.

"ஒரு கிளாஸ் ஊத்துங்கண்ணே."

முதலாளிக்கு உயிர் வந்தது. அவன் குடித்துவிட்டால் வெளியே நிற்பவர்களுக்கும் தைரியம் வந்துவிடும் அல்லவா? "ஊத்து, ஊத்து" என்றார்.

அளவுக் குவளை என் கையில் இருந்தது. இங்கேதான் தம்பிமாரே, கவனமாகக் கேளுங்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. சட்டம் அவன் பக்கம். முதலாளி அவன் பக்கம். கூட்டத்தில் நான் பேசிய பேச்சும் அவன் பக்கம்தான். என் பக்கம் ஒன்றுமே இல்லை. வேலை போனால் எங்கே போவேன் என்ற பயம் இருந்தது. இருந்தாலும் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"வயசாச்சேடா அவனுக்கு! சட்டம் இருக்கு, ஊத்துறதுக்கு ஒனக்கென்ன?" என்று முதலாளி கத்தினார்.

"ஊத்தலாம்னுதான் முதலாளி சட்டம் சொல்லுது. ஊத்தணும்னு சொல்லல."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே தெரியாது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் வந்தார். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனிதர், மூக்கைச் சுளித்துக்கொண்டு தானே பிடித்து, தானே ஊற்றி, கிளாஸை அவன் முன்னால் நகர்த்தினார். பாதி பலகையில் சிந்தியது.

மருதை கிளாஸைப் பார்த்தான். எடுக்கவில்லை. காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அம்மாவைத் திரும்பிப் பார்க்காமலே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"வீட்டுக்குப் போம்மா. வெக்கமா இருக்கு."

ராக்கம்மா எழுந்தாள்.

"இருக்கா?" என்றாள். "அது இருக்கான்னு பாக்கத்தான்டா வந்தேன்."

அவன் கையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, பெஞ்சிலிருந்த குடையை எடுத்து வெளியே போய் விரித்துப் பிடித்தபடி நின்றான். பின்கதவால் போகவில்லை, முன்வாசலால், அத்தனை பேர் பார்க்கத்தான் போனான். ராக்கம்மா சோடாவுக்குக் காசு வைத்தாள்.

"ஊத்துனத என்ன செய்யிறது? யாரு குடிக்கிறது இத?" என்றார் முதலாளி, ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல்.

"நீங்க குடிங்க முதலாளி" என்றாள் ராக்கம்மா. "ஒங்களுக்குத்தான் வயசாச்சே."

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பண்டாரவளையில் அவருக்கு இன்னொரு தவறணை இருந்தது, அடுத்த மாதமே என்னை அங்கே தூக்கிப் போட்டார். குளிர் தாங்காமல் நான் பட்ட பாடு வேறு கதை. சட்டம் இருபத்தொன்றாக வர எத்தனையோ காலம் பிடித்தது. வந்தது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் அட்டையைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். பார்த்த பிறகு ஆளையும் ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் தோட்டத்துக் கங்காணி தவறணைக்கு வந்தார். நான் ஊற்றிக்கொண்டே, எதுவும் தெரியாதவன்போல, "காலையில பெரட்டு எப்புடி?" என்று கேட்டேன்.

மருதையின் பேரைக் கூப்பிட்டபோது, "இருக்கேன்" என்று பதில் வந்ததாம். பின்வரிசையில் கூடையோடு நின்ற ராக்கம்மா, அதுவரை எங்கேயும் அழாதவள், அங்கே நின்று அழுதாளாம்.